மலிவுப் பட்டையா, டிஜிட்டல் பெட்டியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, என் நாத்தனார் ஒரு பையைக் கவிழ்த்தாள். மூன்று கர்ப்பப் பரிசோதனைகள் விழுந்தன. முதலாவது, உறைக்குள் கிடக்கும் மெல்லிய காகிதப் பட்டை. இரண்டாவது, தடித்த பேனா அளவில் ஒரு பிளாஸ்டிக் குச்சி. மூன்றாவது டிஜிட்டல், கோடு எண்ணும் வேலையே இல்லை, சின்னத் திரையில் எழுத்தாகவே பதில் வந்துவிடும். அதன் விலைக்கு முதலாவதில் பலவற்றை வாங்கிவிடலாம்.

"அண்ணி, இதில் எது பொய் சொல்லாது?" என்றாள்.

நாள் தள்ளிப்போய்விட்டதா என்று கேட்டேன். இன்னும் இல்லை, வெள்ளிக்கிழமைதான் வர வேண்டும் என்றாள். மூன்றையும் திரும்பப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. 2023இல், மின்வெட்டு நாட்டையே ஆட்டிவைத்த ஆண்டில், கடையில் இருந்ததிலேயே விலை கூடிய டிஜிட்டல் குச்சியை வாங்கி, நாள் தள்ளுவதற்கு நான்கு நாள் முன்பே பார்த்தேன். 'கர்ப்பம் இல்லை' என்று ஆங்கிலத்தில் திரை சொன்னது. எழுத்தில் வந்த பதிலாயிற்றே, சந்தேகப்படவே தோன்றவில்லை. இரண்டு நாள் யாருடனும் சரியாகப் பேசவில்லை. பத்து நாள் கழித்தும் தலைக்குக் குளிக்காததால் டாக்டரிடம் போனபோது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அந்த 'இல்லை' இப்போது வெண்ணெய் தடவிய ரொட்டியைச் சோபாவில் தேய்த்தபடி கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறான்.

அந்தக் கருவியில் பழுது ஒன்றும் இல்லை. நான் கேட்ட நாள்தான் தவறு. நாத்தனாருக்கு அன்று மாலை முழுவதும் இதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

எல்லா வகைப் பரிசோதனையும் தேடுவது ஒரே பொருளை: எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். கரு கருப்பையின் உட்சுவரில் பதிந்த பிறகுதான் அது தாயின் இரத்தத்திலும் பின் சிறுநீரிலும் கலக்கத் தொடங்குகிறது. கருமுட்டை வெளிவந்ததிலிருந்து எண்ணினால், பெரும்பாலானோருக்குப் பதிவது 8ஆவது நாளிலிருந்து 10ஆவது நாளுக்குள். சிலருக்கு 12ஆவது நாள்கூட ஆகும். பதிந்த அன்று ஹார்மோன் கடுகளவுதான். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏறத்தாழ இரட்டிப்பாகிக்கொண்டே போகும். வட்டிக்கு விட்ட பணம் மாதிரி, முதல் சில நாள் ஒன்றும் தெரியாது, அப்புறம் மளமளவென்று ஏறும்.

கரு பதிவதற்கு முன்னால் உலகத்திலேயே உயர்ந்த கருவியாலும் எதையும் காண முடியாது என்பது இதிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்குப்போட்டுக் காட்டியது. மாதவிலக்கு வர வேண்டிய நாளன்று, 100 கர்ப்பங்களில் ஏறத்தாழ 10இல் கரு இன்னும் பதிந்திருக்கவே இல்லை. எவ்வளவு நுட்பமாகப் பார்த்தாலும் அன்றைக்கு 90க்கு மேல் பிடிபடாது. ஒரு வாரம் பொறுத்தால் 97 வரை போகலாம். இந்த ஏழு எண்ணிக்கை எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை, காத்திருந்தால் கிடைக்கும்.

பெட்டிகளின் முகப்பில் அச்சிட்டிருக்கும் '99 சதவீதம் துல்லியம்' பொய்யல்ல, ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு வால் உண்டு. ஆய்வுக்கூடத்தில், ஹார்மோன் போதிய அளவு இருக்கும் மாதிரிகளில், மாதவிலக்கு வர வேண்டிய நாளிலிருந்து என்று கணக்கு. 'ஆறு நாள் முன்பே அறியலாம்' என்று அதே பெட்டியின் இன்னொரு பக்கம் அழைக்கும்போது அந்த 99 கூடவே வருவதில்லை. உள்ளே எட்டாக மடித்த தாளில், ஒவ்வொரு நாள் முந்தும்போதும் எத்தனை கர்ப்பங்கள் பிடிபட்டன என்று குட்டி எழுத்தில் அட்டவணை போட்டிருப்பார்கள். எண்கள் படிக்கட்டில் இறங்குவது போல இறங்கும். நான் அந்தத் தாளைப் பிரித்ததே எல்லாம் முடிந்த பிறகுதான்.

சரி, மூன்று வகைகளுக்கு வருவோம். பெரும்பாலான காகிதப் பட்டைகள், ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 25 மில்லி யூனிட் ஹார்மோன் இருந்தால் கோடு காட்டும் என்று எழுதியிருக்கும். சில குச்சிகள் 10 வரை இறங்குவதாகச் சொல்கின்றன. காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் ஹார்மோன் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாவதை நினைத்துப் பாருங்கள். 10இலிருந்து 25க்குப் போக மூன்று நான்கு நாள் ஆகும், அவ்வளவுதான். கூடுதல் விலை வாங்கித் தருவது அந்த நாட்களை. நாள் தள்ளி ஒரு வாரம் ஆன பெண்ணுக்கு அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

வேலை செய்யும் விதமும் மூன்றிலும் ஒன்றே. சிறுநீர் காகிதத்தில் ஊறி மேலேறும். வழியில், ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும், சாயம் ஒட்டிய எதிர்ப்புரதம் காத்திருக்கும். ஹார்மோன் இருந்தால் அது கைகோத்துக்கொண்டு போய் முதல் கோட்டில் மாட்டிக்கொள்ளும். மிச்சச் சாயம் மேலே போய் இரண்டாவது கோட்டில் நிற்கும். இரண்டாவது, கர்ப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்தே தீர வேண்டிய கோடு. அது வரவில்லை என்றால் பட்டை கெட்டுவிட்டது, குப்பையில் போடுங்கள்.

டிஜிட்டல் மட்டும் வேறு ஜாதியோ என்று எனக்கு நெடுநாள் எண்ணம். பயன்படுத்தி முடித்த குச்சியை என் கணவர் கையுறை போட்டுக்கொண்டு ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தார். ஒரு பொத்தான் பாட்டரி, நகமளவு மின்தகடு, நடுவில் அதே காகிதப் பட்டை. பட்டையின் மேல் ஒரு குட்டி விளக்கு. கோட்டின் கருமையை ஓர் உணரி அளந்து, எழுத்தாக மாற்றித் திரைக்கு அனுப்புகிறது. உங்கள் கண் செய்யும் வேலைக்கு அவ்வளவு பணம். "இதற்கா?" என்று அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

ஆனாலும் கண்ணின் வேலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 'ஸ்டேஜ் ஆறு' என்னும் கடும் மின்வெட்டு இரவில், குளியலறையில் கைபேசி வெளிச்சத்தில் பட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேண்டும் என்று நினைத்தால் எந்தப் பட்டையிலும் ஒரு கோடு தெரியும். சிறுநீர் காய்ந்த பிறகு முதல் கோட்டின் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தழும்பு வருவது வழக்கம். சாயம் இல்லாத, நீர் வற்றிய தடம் அது. உண்மையான கோடு மெலிதாக இருந்தாலும் இளஞ்சிவப்போ நீலமோ, பட்டையின் சொந்த நிறத்தில் இருக்கும். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடும். குறித்த நேரத்துக்குள், பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் தாண்டியதைத் தூக்கியெறிய வேண்டும். குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து மறுபடி பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன்.

அதனால் கண்பார்வை மங்கியவர்கள், வீட்டில் பதற்றம் தாங்காதவர்கள், மெலிந்த கோட்டை வைத்து இரவெல்லாம் மன்றாடுபவர்கள் டிஜிட்டல் வாங்கினால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது இரண்டாவது பரிசோதனையாக, நாள் தள்ளிய பிறகு வர வேண்டும். முந்திப் பார்க்க அதை வாங்குவது பணத்தைக் கரியாக்குவது. நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் குச்சி, பட்டையைக் கோப்பையில் முக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது, வேறொன்றும் இல்லை.

எங்கள் டர்பன் வெயிலுக்கு ஒரு வார்த்தை. உறையின் பின்னால் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று போட்டிருக்கும். டிசம்பரில் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட் வாசலில் காரை நிறுத்தி, காய்கறி வாங்கித் திரும்புவதற்குள் உள்ளே அதைவிட எவ்வளவோ கூடிவிடும். மாமியார் கண்ணில் படக் கூடாதென்று காரின் முன்னறையில் ஒளித்துவைத்த பெட்டியை அவ்வளவாக நம்ப வேண்டாம். ஈரப்பதமும் பட்டைக்கு ஆகாது. குளியலறை அலமாரி வேண்டாம், உறையை முன்கூட்டிப் பிரித்துவைக்கவும் வேண்டாம்.

என் பாட்டி, எங்கள் ஆயா, இருந்திருந்தால் இத்தனை பேச்சும் தேவையில்லை என்றிருப்பாள். டோங்காட்டில் கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் வளர்ந்தவள். கீழிமையை இழுத்துப் பார்த்து, மணிக்கட்டைப் பிடித்து, "முழுகாமல்தான் இருக்கிறாள்" என்று சொல்லிவிடுவாள். பத்துக்கு ஏழு பலித்தது என்பது குடும்பக் கதை. பலிக்காத மூன்றை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சர்க்கரையில் சிறுநீரை ஊற்றிக் கட்டிதட்டுகிறதா என்று பார்ப்பது, பற்பசையில் நுரை வருகிறதா என்று பார்ப்பது இவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எச்.சி.ஜி. எதையும் கட்டிதட்ட வைக்காது.

ஆயாவின் காலத்தில் உண்மையான பரிசோதனையும் இந்த நாட்டிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. ஊசி போட்டுச் சில நாளில் கொன்று சூலகத்தை அறுத்துப் பார்க்க வேண்டிய எலிகளையும் முயல்களையும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பயன்படுத்திக்கொண்டிருந்தபோது, 1930களில் கேப் டவுனில் வேறொரு வழி கிடைத்தது. இங்கே ஓடைகளிலும் குட்டைகளிலும் கிடக்கும், பிளாட்டானா என்று அழைக்கப்படும், பின்கால் விரலில் கறுத்த நகமுள்ள தவளை. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த லான்சலாட் ஹாக்பென் இந்தத் தவளையை ஹார்மோன் ஆய்வுக்குக் கொண்டுவந்தார். ஹில்லெல் ஷபிரோவும் ஹாரி ஸ்வாரன்ஸ்டைனும் கர்ப்பப் பரிசோதனைக்கு அதைப் பயன்படுத்திக் காட்டினர். பெண்ணின் சிறுநீரைப் பக்குவப்படுத்திப் பெண் தவளைக்கு ஊசியாகப் போடுவார்கள். கர்ப்பம் என்றால் மறுநாளுக்குள் தவளை முட்டையிட்டுவிடும். தவளை சாவதில்லை, சில வாரம் ஓய்வு கொடுத்து மறுபடி பயன்படுத்தலாம். கேப் பகுதியிலிருந்து உயிரோடு பிடித்த தவளைகள் கப்பலேறி உலகம் முழுதும் போயின. 1960கள் வரை பல நாட்டு மருத்துவமனைகளில் தொட்டி தொட்டியாக அவை இருந்தன.

தவளைக்குப் பின் வந்த வீட்டுப் பரிசோதனை இன்னும் உபயோகமான பாடம் வைத்திருக்கிறது. நியூ ஜெர்சியில் ஒரு மருந்து நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்த மார்கரெட் கிரேன் 1967இல், ஆய்வுக்கூடத்தில் வரிசையாக நின்ற சோதனைக்குழாய்களைப் பார்த்து, இதைப் பெண்ணே வீட்டில் செய்யலாமே என்று நினைத்தார். 1970களின் இறுதியில் அமெரிக்கக் கடைகளுக்கு அந்த வகைப் பெட்டி வந்தபோது, குழாயை அசைக்காமல் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். விளம்பரத்திலேயே இரண்டு எண்கள் இருந்தன. 'ஆம்' என்றால் 97 சதவீதம் சரி. 'இல்லை' என்றால் 80 சதவீதம்தான் சரி. இன்றைய பெட்டிகளை அச்சிடுபவர்களுக்கு அந்த நேர்மை இருந்திருந்தால் நான் 2023இல் அழுதிருக்கமாட்டேன். எண்கள் இப்போது எவ்வளவோ உயர்ந்துவிட்டன. ஆனால் 'ஆம்' என்ற பதிலுக்கும் 'இல்லை' என்ற பதிலுக்கும் எடை வேறு என்பது மாறவில்லை.

'ஆம்' வந்தால் பெரும்பாலும் நம்பலாம். நம்பக் கூடாத இடங்கள் சில: குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்து, முட்டை வெளிவர எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால், அந்த ஊசி மருந்தே பத்துப் பதினான்கு நாள் வரை கோடு காட்டும். அண்மையில் கரு கலைந்திருந்தாலோ பிரசவமாகியிருந்தாலோ பழைய ஹார்மோன் சில வாரங்கள் தங்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் அபூர்வமாகப் பட்டை ஏமாற்றலாம். அண்டிபயோடிக், வலிமாத்திரை, கருத்தடை மாத்திரை எதுவும் கோட்டை மாற்றாது. இன்னொன்று மனதைக் கனக்க வைப்பது: மிக முந்திப் பார்த்து 'ஆம்' வந்து, ஒரு வாரத்தில் வழக்கம்போல உதிரம் வந்துவிடும். பட்டை பொய் சொல்லவில்லை; கரு பதிந்து, நிலைக்காமல் போயிற்று. காத்திருந்தவளுக்கு அது வெறும் இரண்டு நாள் தாமதமாகவே கடந்துபோயிருக்கும். முந்திப் பார்க்காதே என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

'இல்லை' வந்தால், விலக்கு வரும்வரை அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலை எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் பார்த்தீர்களா? நாள் முழுக்க டீயும் தண்ணீரும் குடித்துவிட்டு மாலையில் பார்த்தால், ஹார்மோன் நீர்த்துப் பட்டைக்கு எட்டாது. மூன்று நாள் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் 'இல்லை', விலக்கும் வரவில்லை என்றால் ஒரு வாரத்தில் கிளினிக். அதற்குள், அந்த 'இல்லை'யைக் காட்டி எக்ஸ்ரே எடுத்துக்கொள்வதோ, கர்ப்பத்துக்கு ஆகாத மருந்தைத் தொடங்குவதோ வேண்டாம். விலக்கு ஒழுங்காக வராத பெண்களுக்கு 'நாள் தள்ளிய நாள்' என்று ஒன்றே கிடையாது. அவர்கள் கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் கூடிய நாளிலிருந்து 21 நாள் எண்ண வேண்டும். அதிகம் பேர் அறியாத ஒன்று: இரண்டு மூன்று மாதம் கடந்த கர்ப்பத்தில், ஹார்மோனும் அதன் உடைந்த துண்டுகளும் அளவுக்கு மீறிப் பெருகி, அபூர்வமாகப் பட்டை 'இல்லை' என்று காட்டிவிடும். வயிறு சொல்வதைப் பட்டை மறுத்தால் வயிற்றை நம்பி டாக்டரிடம் போங்கள்.

வீட்டுக்கு வெளியே இருக்கும் வழிகள் இரண்டு. அரசு கிளினிக்கில் பணம் கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 1994இலிருந்து இந்த நாட்டில் இலவசச் சிகிச்சை. அங்கே நர்ஸ் பார்ப்பதும் நாம் பார்க்கும் அதே வகைப் பட்டைதான், ஆகவே துல்லியத்துக்காக அங்கே போக வேண்டியதில்லை. போக வேண்டியது அதற்குப் பின் நடப்பதற்காக: இரத்த அழுத்தம், இரத்த வகை, எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரிசோதனைகள், இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகள். இந்தக் கர்ப்பம் வேண்டாம் என்று நினைப்பவளுக்கும் நாள் முக்கியம். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 12 வாரம் வரை காரணம் சொல்லாமலே கருக்கலைப்பு கேட்கலாம். நம் வீடுகளில் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதற்காகவே எழுதிவைக்கிறேன்.

இரண்டாவது வழி இரத்தப் பரிசோதனை. பட்டைக்கு எட்டாத அளவையும் அது பிடிக்கும், இருக்கிறது இல்லை என்பதோடு எவ்வளவு என்றும் சொல்லும். 5க்குக் கீழே என்றால் இல்லை, 25க்கு மேல் என்றால் கர்ப்பம், நடுவில் என்றால் இரண்டு நாள் கழித்து மறுபடி. ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில்தான் அதன் முழு மதிப்பும். வெறும் ஆவலுக்கு அவ்வளவு செலவு செய்து கையைக் குத்திக்கொள்ளத் தேவையில்லை. முன்பு கரு கலைந்தவர்கள், சிகிச்சையில் இருப்பவர்கள், பட்டை மாறி மாறிப் பேசுகிறவர்களுக்கு அதற்கு ஈடு இல்லை.

கரு எங்கே பதிந்திருக்கிறது என்று மட்டும் இவற்றில் எதுவும் சொல்லாது. கருக்குழாயில் பதிந்தாலும் பட்டையில் இரண்டு கோடுதான் வரும். 'ஆம்' வந்த பிறகோ, நாள் தள்ளிய நிலையிலோ, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தும் வலி, உதிரப்போக்கு, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல் இவற்றில் ஒன்று வந்தாலும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நாத்தனார் வெள்ளிக்கிழமை வரை பொறுத்தாள் என்று எழுத ஆசைதான். புதன்கிழமை இரவே ஒரு பட்டையை எடுத்துப் பார்த்திருக்கிறாள், ஒரே கோடு. எனக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், விலக்கு வராத இரண்டாம் நாள், வாங்கிவைத்த மற்றொரு பட்டையோடு வந்து எங்கள் குளியலறைக்குள் போனாள். ஜன்னல் வெளிச்சத்தில் இருவரும் பார்த்தோம். மெலிதாக, ஆனால் முனையிலிருந்து முனைவரை, இளஞ்சிவப்பு.

"இது இருக்கிறதா இல்லையா, அண்ணி?"

"இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மறுபடி பார்."

செவ்வாய்க்கிழமை கோடு தடித்திருந்தது. கைபேசியில் *134*550# அடித்து, கர்ப்பிணிகளுக்கான மாம்கனெக்ட் என்ற அரசுச் செய்திச் சேவையில் பதிந்துகொள்ள முயன்றாள். கிளினிக்கின் எண் கேட்டது, அதைக் கிளினிக்கில்தான் வாங்க வேண்டும். காலை ஆறரைக்கே வாசலில் வரிசை நிற்கும் என்பதால் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனாள். டிஜிட்டல் பெட்டி பிரிக்கப்படாமல் என் அலமாரியில் கிடக்கிறது. காலாவதித் தேதி அடுத்த ஆண்டு மார்ச். அதற்குள் யாருக்காவது தேவைப்பட்டால் கொடுத்துவிடுவேன், நாள் தள்ளிவிட்டதா என்று கேட்ட பிறகு.